விமான எஞ்சினின் காற்றுப்பாதை அடைப்புகள்: தக்க பொருளைத் தேர்தல்

பெங்களூரில் தொம்மலூரைக் கடந்து கிழக்கே செல்லும் பழைய விமான நிலையச் சாலை, இந்திய விமானத் தொழிலின் வரலாற்றோடு பிணைந்தது. அவ்வழியில் கோடிஹள்ளியில் தேசிய விண்வெளி ஆய்வகமும், அதற்கப்பால் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனமும் உள்ளன. 1951-ல் முதன்முதலாகப் பறந்த எச்.டி.-2, 1958-ல் பறந்த புஷ்பக் ஆகிய சிறு விமானங்கள் இந்நிறுவனத்தில் உருவானவை. தம் கையாலேயே விமானம் கட்ட விரும்புவோருக்கென அமெரிக்கரான பர்ட் ரூட்டன் வகுத்த லாங்-ஈசி என்னும் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு, ஆய்வகத்தார் 1980-களில் ஓர் ஆராய்ச்சி விமானத்தை உருவாக்கினர். எச்.டி.-2, புஷ்பக், லாங்-ஈசி ஆகிய மூன்றும் வடிவத்தால் வேறுபட்டவை. ஆயினும் மூன்றின் எஞ்சின்களும் காற்றினாலேயே குளிர்பவை. இத்தகைய எஞ்சின்களின் நலம் ஒரு மெல்லிய ரப்பர்ப் பட்டையைப் பெரிதும் சார்ந்திருக்கிறது என்பது வியப்பாகத் தோன்றலாம்.

காற்று செல்லும் வழி

பெட்ரோலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவே சுழலியை இயக்கப் பயன்படுகிறது. எஞ்சியது வெப்பமாக வெளியேற வேண்டும். இதற்காகவே சிலிண்டர்களின் மேல் மெல்லிய உலோகச் செதில்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. முன்புறத் துவாரங்களின் வழியாகப் புகும் காற்று, பெரும்பாலான விமானங்களில், எஞ்சினுக்கு மேலுள்ள அறையில் தேங்கி அழுத்தம் பெறுகிறது. பின்னர்ச் செதில்களின் இடையே கீழ்நோக்கிப் பாய்ந்து வெளியேறுகிறது. மேலறையையும் கீழறையையும் பிரிப்பவை அலுமினியத் தடுப்புத் தகடுகள்.

எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அசைகிறது. அதன் மூடியோ விமான உடலுடன் பிணைந்து நிற்கிறது. ஆகவே தகடு மூடியைத் தொடலாகாது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். அவ்விடைவெளியை மூடுவதே அடைப்புப் பட்டையின் தொழில்.

கசிவின் அளவு

காற்று எப்பொழுதும் எளிய வழியையே நாடும். செதில்களின் இடுக்கு தடை மிகுந்தது. பட்டையின் ஓரத்திலுள்ள திறப்போ தடையற்றது. இரண்டு மீட்டர் நீளமுள்ள விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருப்பின், அதன் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகும். இது பக்கத்திற்கு ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் கொண்ட சதுரத் துளைக்குச் சமம். அவ்வளவு பெரிய துளையை மூடியில் யாரும் வெட்டி வைக்க மாட்டார்கள். நீண்டு மெலிந்திருப்பதால் மட்டுமே இக்கசிவு கண்ணுக்குத் தப்புகிறது.

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் மேலேறும் விமானத்திற்குக் கிடைக்கும் காற்றழுத்தம், கடல்மட்டத்தில் 58 மில்லிமீட்டர் நீர் உயரத்திற்கே சமம். பெங்களூரின் பழைய விமான நிலையம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 890 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்று அடர்த்தி எட்டு சதவீதம் குறைவதால் அழுத்தமும் 53 மில்லிமீட்டராகக் குறைகிறது. கோடை வெயிலில் இன்னும் குறையும். எஞ்சின் முழுத் திறனுடன் உழைக்கும் வேளையும், வேகம் குறைந்த வேளையும் இதுவே. லைகாமிங் ஓ-235 போன்ற எஞ்சினில் சிலிண்டர்த் தலையின் உஷ்ணநிலை 260 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டலாகாது. தாண்டின் வால்வுகள் கெடும், உலோகம் வலுவிழக்கும், வெடிப்புகளும் தோன்றலாம். மேலேறும்போது எஞ்சின் பழுதுபடின், விமானிக்குத் திரும்பி இறங்கப் போதிய உயரம் இராது.

பொருள்களின் குணங்கள்

தக்க பட்டை வெப்பம், எண்ணெய், பெட்ரோல், அதிர்வு ஆகிய நான்கையும் தாங்க வேண்டும். மூடியின் வளைவுக்கு இணங்கி மடியவும் வேண்டும்.

இயற்கை ரப்பர் நன்கு வளையும். ஆனால் எண்ணெய் பட்டால் உப்பும், வெப்பத்தில் விரைவில் கெடும். நியோப்ரீன் எண்ணெயை ஓரளவு தாங்கும். எனினும் 100 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் இறுகி வெடிக்கும். கடற்பஞ்சு போன்ற ரப்பர் எண்ணெயை உறிஞ்சி, தீ பரவ இடந்தரும், அது தவிர்க்கத்தக்கது. சிலிகோன் ரப்பர் 200 டிகிரி வரையிலும், கடுங்குளிரிலும் இளகிய தன்மையை இழப்பதில்லை. ஆனால் எளிதில் கிழியும். பெட்ரோலில் ஊறினால் உப்பும். இக்குறையில் கிழிதலை நீக்கக் கண்ணாடியிழைத் துணியை அதனுள் பதிப்பர். ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள இத்தகைய பட்டையே இன்று பெரிதும் விரும்பப்படுகிறது. ஃப்ளூரோ ரப்பர் வெப்பத்தையும் எரிபொருளையும் ஒருங்கே தாங்கும். விலை அதிகம், குளிரில் விறைக்கும்.

முற்காலத்தில் கல்நார்த் துணியில் நியோப்ரீன் சேர்த்த பட்டைகள் வழங்கின. கல்நாரின் நுண்ணிழை நுரையீரலுக்குப் பெருந்தீங்கு செய்வதால் அவை கைவிடப்பட்டன. பழைய விமானங்களில் அவற்றைக் காண்போர் உலர்ந்த நிலையில் சுரண்டுதலோ தேய்த்தலோ கூடாது.

அசையாத தகடுகளுக்கிடையே உள்ள சிறு சந்துகளைச் சிலிகோன் பசையால் அடைக்கலாம். புளிக்காடி மணம் வீசும் பசை சில உலோகங்களை அரிக்குமாதலால், அம்மணமற்ற வகையே ஏற்றது.

பொருத்துதலும் சோதித்தலும்

எவ்வளவு சிறந்த பொருளும் தவறாகப் பொருத்தினால் பயன்படாது. பட்டையின் நுனி அழுத்தம் மிகுந்த அறையை நோக்கி வளைந்திருத்தல் வேண்டும். அப்போது காற்றே அதனை மூடியின்மேல் அழுத்தி அடைக்கும். நுனி எதிர்ப்புறம் வளைந்திருந்தால் அதே காற்று அதனைத் தள்ளித் திறந்துவிடும். மூலைகளில் பட்டையைச் சுருக்கங்கொள்ள விடாமல், துண்டுகளாக்கி ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வைக்க வேண்டும். தறையாணிகளின் கீழ் உலோகப் பட்டையோ வளையமோ இட்டால் துணி கிழியாது.

சோதனை எளிது. மூடியைப் பொருத்தியபின் கீழறையில் ஒரு விளக்கை வைத்து, இருட்டில் முன்துவாரத்தின் வழியாக நோக்கினால், ஒளி கசியுமிடம் காற்றும் கசியுமிடமே. செதில்களின் இடையே தெரியும் ஒளி குற்றமன்று. மூடியின் உட்புறத்தில் பட்டை உராய்ந்த தடம் தொடர்ச்சியாக இருப்பதும் நற்குறி. தடம் விட்டுப்போன இடத்தில் பட்டை தொடவில்லை என்பது தெளிவு. தகுதிச் சான்று பெற்ற விமானங்களில் அனுமதி பெற்ற பொருளை மட்டுமே, உரிமம் பெற்ற பொறியாளர் பொறுப்பில் மாற்ற வேண்டும்.

வகுப்பறையில் செய்து காட்ட

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டு விளக்கலாம். ஒரு பக்கம் மின்விசிறியின் காற்று புகட்டும். எதிர்ப்பக்கம் உறிஞ்சு குழாய்க் கட்டொன்றைச் செருகி, அதன் முன் ஒரு காகித நாடாவைத் தொங்கவிடுக. நாடா படபடக்கும். பெட்டியின் ஓரத்தில் ஒரு நீண்ட கீற்று வெட்டினால் படபடப்புத் தளரும். கீற்றின்மேல் ஒரு காகித மடிப்பை வெளிப்புறம் ஓரத்தில் ஒட்டினால் காற்று அதனைத் திறந்து தள்ளும்; உட்புறம் ஒட்டினால் காற்றே அதனை மூடும், நாடா மீண்டும் படபடக்கும். விமானத்தில் ஒரு சாண் அகலமும் இல்லாத பட்டை எஞ்சினைக் காப்பதும் இதே தத்துவத்தால்தான்.