நெருப்பும் பஞ்சும்



வைகாசி விசாகம் என்றதும் வன்னி மக்களின் நினைவில் எழுவது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். அதனையொட்டி, கடலில் எடுத்த உப்புநீரில் முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்திலே விளக்கெரியும் என்பது அங்குள்ள மரபு. நீர் தீயை அணைக்கும் என்று அறிந்தவர்களாதலால் அதனை அற்புதம் என்கிறோம். ஆனால் ஒரு பொருள் இப்படித்தான் தொழிற்படவேண்டும் என்ற கட்டாயம் எங்கே இருக்கிறது?

இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியவர் இமாம் கஸ்ஸாலி (1058-1111). 1095 இல் முடித்த ‘தஹாபுத் அல் பலாஸிபா’ என்னும் நூலின் பதினேழாம் விவாதம் இதுபற்றியதே. நெருப்புப் பட்டதும் பஞ்சு எரிகிறது. நாம் காண்பது இரண்டும் சேர்ந்து நிகழ்வதை மட்டுமே. நெருப்பினால்தான் எரிந்தது என்பதைக் கண் காணவில்லை என்கிறார் அவர். இரண்டையும் அடுத்தடுத்துப் படைப்பவன் இறைவன். நாம் நியதி என்பது அவனது வழமை. அவன் நாடினால் நெருப்பிலே இப்ராஹீம் நபி சுடப்படாதிருப்பார்.

சைவ சித்தாந்தம் அறிந்தோருக்கு இது புதுமையாகத் தோன்றும். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்றும், காரியம் காரணத்துள்ளே முன்பே உள்ளது என்றும் கூறுவது சற்காரியவாதம். கஸ்ஸாலியோ அந்த உள்ளுறவையே கேள்விக்குள்ளாக்குகிறார்.

கொர்தோபாவில் பிறந்த இப்னு ருஷ்த் (1126-1198), ‘தஹாபுத் அல் தஹாபுத்’ என்ற நூலிலே இதற்கு விடை எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென ஓர் இயல்பு உண்டு. காரணத்தை அறிவதே அறிவு. காரணத்தை மறுப்பவர் அறிவையே மறுக்கிறார் என்பது அவர் வாதம்.

அப்படியாயின் கஸ்ஸாலியின் கொள்கை மனிதனைச் சோம்பியிருக்கச் சொல்கிறதா? இல்லை. ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் தவக்குல், அதாவது இறைவனிடம் பொறுப்பளித்தல் பற்றி எழுதும்போது, விதைக்காமல் விளைச்சலை எதிர்பார்ப்பது பைத்தியக்காரத்தனம் என்றே அவர் கண்டிக்கிறார். கிளிநொச்சி விவசாயி இரணைமடு நீரை நம்பி விதைக்கிறான்; மழை பொய்த்தால் வானைப் பார்க்கிறான். உழைப்பு அவனுடையது, விளைவு அவன் கையில் முழுதாக இல்லை. விதைப்பதற்கு வழமைமீது நம்பிக்கை வேண்டும். விளைந்தபின் செருக்கடையாதிருக்கப் பணிவு வேண்டும். கஸ்ஸாலி இரண்டையும் கேட்கிறார். பயிர் கருகினால் ஏன் என்று ஆராயும் துணிவைத் தருபவர் இப்னு ருஷ்த். வயலுக்கு இருவருமே தேவைப்படுகிறார்கள்.