மலையேறிய ஆய்வு, மடியில் இலவசமாக விழுகிறது: தெரியுமா?

விடியும் முன்பே கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் ஜீப்புகள் உறுமிக் கிளம்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? கம்பமெட்டு, போடிமெட்டு, குமுளி என்று மலையேறி, இடுக்கி ஏலத்தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, பொழுது சாய்கையில் மறுபடி கீழே கொண்டுவந்து சேர்க்கும் ஜீப்புகள்! அந்த ஜீப்புகள் போய் நிற்கும் தோட்டங்களைப் பற்றி, அங்கே விளையும் காயின் விலையைப் பற்றி, தலைமுறை தலைமுறையாக அங்கே போன தமிழர்களைப் பற்றிப் பொருளியல் அறிஞர்கள் எழுதிய ஆய்வுத் தாள்கள் உங்கள் கைபேசிக்கே வந்து சேரும் என்பது தெரியுமா? ஒரு ரூபாய் கூடக் கட்ட வேண்டாம். பல்கலைக்கழக அடையாள அட்டை வேண்டாம். பேரைக் கூடக் கேட்கமாட்டார்கள்!

இதைச் சாத்தியமாக்கிய அதிசயத்தின் பெயர் ரெபெக். ‘ரிசர்ச் பேப்பர்ஸ் இன் எகனாமிக்ஸ்’ என்பதன் சுருக்கம். இதற்கு வித்திட்டவர் தாமஸ் கிரிக்கல். பொருளியலில் ஓர் ஆய்வு பத்திரிகையில் அச்சேற ஓரிரு ஆண்டுகள் கூட ஆகிவிடும். அதற்குள் பெரிய பல்கலைக்கழகங்கள் அதைப் பணித்தாளாக அச்சிட்டுத் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டுக்கொள்ளும். சிறிய இடத்தில் இருப்பவன் கைக்கு அது வரவே வராது. 1990களின் தொடக்கத்தில் இளம் ஆய்வாளராக இருந்த கிரிக்கலுக்கு அந்தக் குறை உறுத்தியது. 1993இல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்திலிருந்து பணித்தாள்களை இணையத்தில் திரட்டத் தொடங்கினார். 1997இல் அது ரெபெக் ஆனது. இன்று அதில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளின் விவரங்கள்! பெயரைப் பதிந்துகொண்ட ஆய்வாளர்கள் மட்டும் 60,000க்கு மேல்!

இனிமேல்தான் வியப்பே இருக்கிறது. இத்தனை இலட்சம் ஆய்வுகளைக் காக்கும் ரெபெக்குக்கு ஒரு மையக் கிடங்கு கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் தாளைத் தன் கணினியிலேயே வைத்துக்கொள்கிறது. தலைப்பு, ஆசிரியர், சுருக்கம், முகவரி போன்ற விவரங்களை மட்டும் ஒரே மாதிரியாக எழுதி வாசலில் வைத்தால் போதும். ரெபெக்கின் நிரல்கள் வந்து அதைப் படித்துக்கொண்டு போகும். களஞ்சியம் அவரவர் வீட்டில், கணக்குப் புத்தகம் மட்டும் பொதுவில்! இதை நடத்துவோர் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ரெபெக்கில் தேட உதவும் ஐடியாஸ் என்னும் தளத்தைக் கிறிஸ்டியன் சிம்மர்மன் நடத்துகிறார். எக்கான்பேப்பர்ஸ் என்னும் இன்னொரு தளத்தை ஸ்வீடனிலிருந்து சூனே கார்ல்சன் நடத்துகிறார்.

ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் மூன்று எழுத்து, ஒவ்வொரு தாள்வரிசைக்கும் ஆறு எழுத்து என்பது ரெபெக்கின் முகவரி முறை. அதில் ‘ஐ-என்-டி’, ‘சி-டி-எஸ்-டபிள்யூ-பி-பி’ என்று ஒரு முகவரி இருக்கிறது. யாருடையது தெரியுமா? திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையத்தினுடையது. எல்லோரும் சி.டி.எஸ். என்றே சொல்வார்கள். 1970இல் பொருளியல் மேதை கே.என். ராஜ் தொடங்கியது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லில் கட்டிய வட்டமான நூலகக் கோபுரத்தைப் பார்க்கவே கட்டடக்கலை மாணவர்கள் அங்கே போகிறார்கள். அந்தக் கோபுரத்துக்குள் போக வாய்ப்பில்லாத மறையூர்க்காரனும் வண்டிப்பெரியாற்றுக்காரனும் அங்கே எழுதப்பட்ட பணித்தாளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்க முடிகிறதே, அதுதான் பெரிய செய்தி!

என்ன இருக்கிறது அந்த வரிசையில்? ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். 2002இல் கே. ரவி ராமன் எழுதிய பணித்தாள். 1797 முதல் 1947 வரை தென்னிந்தியாவின் காலனியத் தோட்டங்களைப் பற்றியது. தலைப்பே நெஞ்சில் தைக்கும்: ‘விடுதலைக்குள் அடிமைத்தளை’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். கங்காணி, முன்பணம், தீராத கடன் என்று நம் பாட்டிமார் லயத்து வாசலில் உட்கார்ந்து சொன்ன கதை, அங்கே ஆவணச் சான்றுகளோடு பொருளியலாகியிருக்கிறது. மூணாற்றிலும் பீருமேட்டிலும் கொழுந்து கிள்ளும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு அப்படியொரு தாள் இருப்பது தெரியும்? 2015 செப்டம்பரில் இருபது விழுக்காடு போனஸும் ஐந்நூறு ரூபாய் நாள்கூலியும் கேட்டு மூணாறு வீதியில் உட்கார்ந்தார்களே ‘பெம்பிளை ஒருமை’ப் பெண்கள், அன்று அவர்களின் நாள்கூலி 232 ரூபாய்! அந்தப் போராட்டத்தின் வேர் எத்தனை ஆழம் என்று அறிய இப்படிப்பட்ட தாள்களைத்தான் படிக்க வேண்டும்.

சரி, தரவரிசைக்கு வருவோம். ஏலக்காயைச் சல்லடையில் போட்டுத் தரம் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். எட்டு மில்லிமீட்டர் காய் தனி, ஏழரை தனி, அதற்குக் கீழே தனி. பிறகு பச்சை நிறம் பார்ப்பார்கள், லிட்டர் எடை பார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் ஏலத்துக்கு ஏலம்! புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிறது. ஒரே மலைக் காய்க்கு மேலே ஒரு ஏலக்கூடம், கீழே ஒரு ஏலக்கூடம்! பொருளியல் அறிஞர்களையும் ரெபெக் இப்படித்தான் சலிக்கிறது. அங்கே சல்லடைகள் முப்பதுக்கும் மேல்! எத்தனை ஆய்வு எழுதினார், எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், அந்த மேற்கோள் எவ்வளவு புதியது, எத்தனை பேர் தாளை இறக்கிப் படித்தார்கள், கூட்டாக எழுதியிருந்தால் எத்தனை பேருக்குப் பங்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தரவரிசை. அவற்றில் ஒருவருக்குக் கிடைத்த மிக நல்ல இடத்தையும் மிக மோசமான இடத்தையும் தள்ளிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுக்கிறார்கள். மாதந்தோறும் புதுப்பிக்கிறார்கள்.

அந்தச் சராசரி எந்தச் சராசரி என்று நினைக்கிறீர்கள்? நாம் பள்ளியில் படித்த கூட்டுச் சராசரி இல்லை, இசைச் சராசரி! ஒருவர் ஒரு சல்லடையில் 10ஆம் இடம், இன்னொன்றில் 1000ஆம் இடம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுச் சராசரி போட்டால் 505. இசைச் சராசரி போட்டால் 20க்கும் கீழே! அதாவது ஏதாவது சிலவற்றில் ஒருவர் ஒளிர்ந்தால் அந்த ஒளியை இந்தக் கணக்கு அணையவிடாது. எவ்வளவு கருணையான கணிதம்!

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பெயரைப் பதிந்துகொண்டவருக்குத்தான் தரவரிசையில் இடம். நிறுவனங்களின் தரமும் அப்படித்தான்: அங்கே வேலை பார்ப்பவர்கள் பதிந்துகொண்டு, ‘நான் இந்த இடத்தில் இருக்கிறேன்’ என்று எழுதினால்தான் அவர்களின் ஆய்வு அந்த நிறுவனத்தின் கணக்கில் சேரும். நூறு நல்ல கட்டுரை எழுதிய பேராசிரியர் பதியாமல் விட்டால் அந்தப் பட்டியலில் அவர் இல்லவே இல்லை. எனக்கு இது வருத்தமான செய்தி. மலையோரக் கல்லூரிகளில் இருக்கும் எத்தனை ஆசிரியர்கள் இந்த ஒரு காரணத்தால் உலகத்தின் கண்ணில் படாமல் இருக்கிறார்கள்! காயைச் சல்லடையில் கொட்டினால்தானே அது எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்தச் சல்லடையும் வாசத்தை அளக்காது. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவருக்கு அந்த ஆய்வு பயன்பட்டதா என்ற கேள்விக்கு அந்த முப்பதிலும் இடமில்லை.

பொருளியல் அறிஞர்களை ஏலத்தில் எடுத்து அணி சேர்த்து விளையாடும் ஆட்டம் ஒன்று ஐடியாஸ் தளத்திலேயே இருக்கிறது, தெரியுமா? ஐ.பி.எல். மாதிரியே! யாருக்கு யார் ஆசிரியர், அவருக்கு யார் ஆசிரியர் என்று குருபரம்பரையைக் காட்டும் பகுதி இருக்கிறது. அடுத்தவர் ஆய்வைத் திருடியவர்களை விசாரிக்க ஒரு குழுவும் இருக்கிறது!

திறந்து வைப்பதால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கதை. 2010இல் இரண்டு பேராசிரியர்கள், கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும், ஒரு தாள் எழுதினார்கள். நாட்டின் கடன் உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.1 விழுக்காட்டுக்குப் போய்விடும் என்று அதில் இருந்தது. உலகத் தலைவர்கள் அதை மேற்கோள் காட்டிச் செலவைக் குறைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, மாசச்சூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் தன் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை! அவர்களிடமே எக்செல் தாளைக் கேட்டு வாங்கினார். திறந்தால், ஐந்து நாடுகள் சராசரியில் சேராமலே விட்டுப்போயிருந்தன. வேறு சில குறைகளையும் சேர்த்துத் திருத்தினால் வளர்ச்சி மைனஸ் இல்லை, 2.2 விழுக்காடு! அந்தத் திருத்தம் வெளியானதும் விலையில்லாப் பணித்தாளாகத்தான். உலகமே படித்தது. ஒரு மாணவன், ஒரு எக்செல் தாள்!

பாலக்காட்டுப் பக்கம் திரும்புவோம். 1990களின் பிற்பகுதியில் நெதர்லாந்து அரசின் உதவியோடு சி.டி.எஸ். ஒரு திட்டம் தொடங்கியது. பெரிய பேராசிரியர்களுக்கு மட்டும் இல்லை, ஊர்ப்புற ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் தங்கள் ஊரைத் தாங்களே ஆராயப் பணம் கொடுத்த திட்டம்! அதில் 2004இல் வந்த ஒரு தாள் அட்டப்பாடிப் பழங்குடிப் பெண்களைப் பற்றியது. ‘வாடும் வள்ளி’ என்று தலைப்பைத் தமிழாக்கலாம். கோவை எல்லையை ஒட்டிய அந்தப் பள்ளத்தாக்கில் நிலம் எப்படிக் கைமாறியது, அதனால் பெண்ணின் நிலை எப்படிச் சரிந்தது என்று பேசும் தாள். அதே பாலக்காட்டின் சித்தூர்த் தாலுகாவிலுள்ள பிளாச்சிமடையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோகோ கோலா ஆலை 2000 முதல் 2004 வரை ஓடிய ஊர். அங்கே நிலத்தடி நீருக்கும் மண்ணுக்கும் மக்களுக்கும் நேர்ந்த இழப்பை அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. கிணற்று நீர் கெட்டால் அதற்கு என்ன விலை என்று கணக்குப் போடுவதும் பொருளியல்தான்!

அடுத்தது என் மனத்துக்கு மிக நெருக்கமானது. ஜெயசீலன் ராஜ் என்னும் ஆய்வாளர் பீருமேட்டுத் தேயிலைக் காட்டைப் பற்றி எழுதிய ‘பிளாண்டேஷன் கிரைசிஸ்’ 2022இல் லண்டனின் யூ.சி.எல். பிரஸ் வெளியீடாக வந்தது. தேயிலை விலை சரிந்து தோட்டங்கள் கைவிடப்பட்டபோது தமிழ் தலித் குடும்பங்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லும் நூல். எழுதியவரே தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை! ஆய்வு செய்யப்படுபவர்களாகவே நூறாண்டுக்கும் மேலாக இருந்த வரிசை வீடுகளிலிருந்து ஒருவர் ஆய்வாளராக எழுந்து வந்திருக்கிறார். இன்னொரு சந்தோஷம், அந்தப் பதிப்பகம் தொடக்கத்திலிருந்தே திறந்த அணுக்க முறையில் நூல் போடுவது. முழுப் புத்தகமும் பி.டி.எஃப். வடிவில் இலவசம்! மானுடவியல் நூல்தான், ஆனால் பி.எஃப்., கடன், கூலி, கல்லூரிச் செலவு என்று வீட்டுப் பொருளியல் முழுதும் அதில் கிடக்கிறது.

மற்ற வாசல்களையும் சட்டென்று சொல்லிவிடுகிறேன். மிளகு, ஏலம், தேங்காய் பற்றித் தேட வேண்டுமா? மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1995 முதல் வைத்திருக்கும் அக்எகான் சர்ச் களஞ்சியத்தில் இந்திய வேளாண் பொருளியல் இதழ்களும் கிடைக்கும். காடு, ஏரி, மேய்ச்சல் நிலம் போன்ற பொதுவளங்கள் பற்றி வேண்டுமா? 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ராம் பணியாற்றிய இந்தியானா பல்கலைக்கழகத்தின் எண்ணிம நூலகம் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு நம்முடைய சோத்கங்கா இருக்கிறது. ஆய்வேடுகளை மின்வடிவில் கொடுத்தே ஆக வேண்டும் என்று யூ.ஜி.சி. 2009இல் விதித்ததால் ஐந்து இலட்சத்துக்கும் மேல் சேர்ந்துவிட்டன. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு, சந்தா இதழ்களை அரசு நிறுவனங்களுக்கு வாங்கித் தர மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. பூட்டிய அறிவின் விலை அது! பூட்டாத அறிவு பக்கத்திலேயே கிடக்கிறது.

படித்தால் மட்டும் போதுமா, எழுதவும் வேண்டாமா? 1916 வாக்கில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? விடுமுறைக்குப் போகும்போது சொந்த ஊரைக் கணக்கெடுத்து வாருங்கள் என்றார்! யாருக்கு எவ்வளவு நிலம், என்ன விளைச்சல், எவ்வளவு கடன் என்று அந்தப் பிள்ளைகள் எழுதி வந்தவை 1918இல் புத்தகமாயின.  பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறு ஆய்வு செய்து 1940இல் வெளியிட்டார்கள். பிறகும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். மாணவர்களின் விடுமுறைக் கணக்கு நூறாண்டு ஆவணமாக நிலைத்துவிட்டது!

2018 ஆகஸ்ட் பெருமழையில் மூணாறு அரசுக் கல்லூரிக் கட்டடம் மண்சரிவில் சிதைந்தது. மலையில் கட்டடத்துக்கே உத்தரவாதம் இல்லாதபோது அலமாரித் தாளுக்கு எங்கே? களஞ்சியத்தில் ஏறிய தாளை எந்த மண்சரிவும் தொடாது.

சித்தூரிலும் மூணாற்றிலும் கட்டப்பனையிலும் பொருளியல் படிக்கும் தம்பி, தங்கைகளே! உங்கள் ஆசிரியரிடம் இன்றே சொல்லுங்கள்: ரெபெக்கில் பெயர் பதியக் கட்டணம் இல்லை. சொந்தக் களஞ்சியம் இல்லாத கல்லூரிக்காரர்களுக்காகவே ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகம் 2006 முதல் எம்.பி.ஆர்.ஏ. என்ற களஞ்சியத்தைத் திறந்து வைத்திருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகும் அத்தையிடம் அவர் ஜீப்புக்கு எவ்வளவு கொடுக்கிறார், கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை ஆய்வுத் தாளாக்கி அந்தக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள்.