கண்ணாடி ஏறாத மோட்டார்

மோட்டார் வண்டி நின்றுவிட்டால் தள்ளலாம். சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டால் மாற்றுச் சக்கரம் பூட்டலாம். ஆனால் ஐப்பசி மாதத்து அடைமழையில், ஜன்னல் கண்ணாடி கீழே இறங்கி, மேலே ஏற மாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்ய ஆரம்பித்தால் என்ன செய்வது? புதுக்கோட்டையில் நம்முடன் ஆசிரியராயிருக்கும் நண்பர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு இந்தச் சங்கடம் நேர்ந்தது.

நண்பரிடம் இருப்பது 'கண்டெஸா' வண்டி. கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1984 முதல் 2002 வரையில் செய்து வந்த கார் அது. ஆங்கில நாட்டு வாக்ஸால் வண்டியை ஒட்டி அமைந்தது. நீண்ட மூக்கும் அகன்ற ஆசனமும் உடையது. நண்பரின் காலஞ்சென்ற தகப்பனார் ஆசையாக வாங்கினார். வாங்கும்போது கண்ணாடியை ஏற்றி இறக்கக் கைப்பிடிதான் இருந்தது. பிற்பாடு, "விரலால் அழுத்தினால் ஏற வேண்டும்" என்ற ஆசையினால், வெளியூர்ப் பட்டறை ஒன்றில் நான்கு கதவுகளிலும் மின்சார மோட்டாரைப் பூட்டிக் கொண்டார்.

நண்பரின் தாயாருக்கு எண்பது வயது. முழங்கால் வலிக்காரர். மாதம் இரு முறை திருச்சிராப்பள்ளி வைத்தியசாலைக்குப் போய்வர வேண்டும். புதிய வண்டிகளில் ஏறி உட்காரக் கால் மடங்குவதில்லை. கணவர் வாங்கிய வண்டியின் பின் ஆசனத்தில்தான் காலை நீட்ட முடிகிறது. அந்தப் பின் கதவின் கண்ணாடிதான் இறங்கியபடியே நின்றுவிட்டது. ஒரு பட்டறையில், "இதற்குச் சாமான் கிடைக்காது, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நண்பர் முகம் வாடி வந்தார். பௌதிகம் போதிக்கும் நாமோ, "இது என்ன பிரமாதம்? நாமே பார்த்துவிடலாம்" என்றோம். அந்த வார்த்தையின் விலை என்னவென்று பிறகு தெரிந்தது.

நிற்க. இந்த மின்சாரக் கண்ணாடியின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லிவிடுவோம். மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்தில், கண்ணாடி ஏற்றும் மோட்டாரை யாரும் கனவிலும் கண்டதில்லை. அமெரிக்காவில் பாக்கர்ட் கம்பெனியார் 1940-ஆம் ஆண்டின் இறுதியில், எண்ணெயின் அழுத்தத்தால் ஏறி இறங்கும் கண்ணாடியை முதன் முதலில் காருக்கு அளித்தார்கள். முழுவதும் மின்சாரத்தாலேயே இயங்கும் கண்ணாடி, கிரைஸ்லர் கம்பெனியாரின் 'இம்பீரியல்' வண்டியில் 1951-ல் வந்தது. அன்று சீமான்களின் ஆடம்பரமாக இருந்தது, இன்று சிறு கார்களிலும் சாதாரணமாகிவிட்டது.

கதவின் உள்ளே இருக்கும் சூட்சுமம் மிகவும் எளியது. கைக்கு அடங்கும் சிறு மோட்டார். 12 வோல்ட் பாட்டரியில் ஓடுவது. அதன் அச்சில் திருகு போன்ற மரை. மரை ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பல்சக்கரம், விசிறி வடிவான பற்பலகையைத் தள்ளுகிறது. அதனோடு இணைந்த இரும்புக் கைகள், கத்தரிக்கோல் போல் விரிந்து கண்ணாடியைத் தூக்குகின்றன. சில வண்டிகளில் இந்தக் கைகளுக்குப் பதிலாக, கிணற்று ராட்டினத்துக் கயிறு போல் கம்பிக் கயிறு ஓடும். மரையினால் பல்சக்கரத்தைச் சுழற்றலாமே தவிர, பல்சக்கரத்தினால் மரையைச் சுழற்ற முடியாது. ஆகையினால்தான் கண்ணாடியை எவ்வளவு பலமாகக் கையால் அமுக்கினாலும் அது இறங்குவதில்லை.

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இரண்டு மோட்டார்களா என்று நம் மாணாக்கர்கள் கேட்பதுண்டு. இல்லை. மின்சாரம் பாயும் திசையை மாற்றினால் மோட்டார் எதிர்த் திசையில் சுழலும். ஸ்விட்சின் வேலை அவ்வளவே. மின்சாரத்தாலும் காந்தத்தாலும் ஒரு கம்பியை இடையறாது சுழலச் செய்யலாம் என்று மைக்கேல் பாரடே 1821-ல் காட்டினார். அவர் விதைத்த விதையின் கனி, நம் காரின் கதவுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலையைத் தொடங்கினோம். முதலில் நோயை அறிய வேண்டுமல்லவா? ஸ்விட்சை அழுத்திக் காதைக் கதவில் வைத்துக் கேட்டோம். மோட்டார் சுழலும் ஓசை கேட்டுக் கண்ணாடி மட்டும் அசையாவிட்டால், பல்சக்கரம் உடைந்திருக்கும். முனகிக் கொண்டு மெதுவாக ஏறினால், கண்ணாடி ஓடும் பள்ளத்தில் தடை இருக்கும். அல்லது மின்சாரம் குறைவாக வரும். ஓசையே இல்லாவிட்டால் ப்யூஸ், ஸ்விட்ச், கம்பி, மோட்டார் இவற்றில் ஒன்று குற்றவாளி. நமக்கு ஓசையே கேட்கவில்லை. ப்யூஸ் நன்றாயிருந்தது.

திருகுகளைக் கழற்றி, கதவின் உட்பலகையை எடுத்தோம். சோதனை விளக்கை மோட்டாரின் கம்பிகளில் வைத்தபோது அது எரிந்தது. ஆனால் சிறு விளக்கு எரிவதை மட்டும் நம்பிவிடக் கூடாது. துருப்பிடித்த இணைப்பும் விளக்குக்குப் போதிய மின்சாரத்தைக் கொடுத்துவிடும், மோட்டாருக்குப் போதாது. ஆகவே, ப்யூஸ் வைத்த தனிக் கம்பிகளால் பாட்டரியிலிருந்து நேரே மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தோம். அப்போதும் அது பேசவில்லை. மோட்டார் மாண்டது என்று தீர்ப்பளித்து, பாட்டரி இணைப்பையும் அகற்றிவிட்டு, அதைப் பிடித்திருந்த மூன்று போல்ட்டுகளில் இரண்டைக் கழற்றிவிட்டோம். மூன்றாவதின் மேல் ஸ்பானரை வைத்தோம். இடது கை கதவுக்குள் இருந்தது.

"சார்! கையை எடுங்க! முதல்ல கையை வெளியே எடுங்க!"

திடுக்கிட்டுத் திரும்பினோம். வாசலில் ஒரு பெரியவர் நின்றார். நண்பரின் தகப்பனார் காலத்திலிருந்து அந்த வண்டியை அறிந்த மெக்கானிக். கண் மங்கியதால் தொழிலை விட்டவர். வண்டி பழைய இரும்புக்குப் போகப் போகிறதென்று கேள்விப்பட்டு, பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்.

"இதுக்குள்ள கண்ணாடியின் பாரத்தைத் தாங்க ஒரு ஸ்பிரிங் இருக்கு, சார். கண்ணாடி கீழே இருக்கிறப்போ அது முழுசா முறுக்கேறி இருக்கும். அதை இப்போ பிடிச்சுக்கிட்டிருக்கிறது இந்த மோட்டார் ஒண்ணுதான். மூணாவது போல்ட்டு கழன்றதுன்னா, அந்தப் பற்பலகை கத்தி மாதிரி பாயும். என் சிநேகிதன் ஒருத்தன் இப்படித்தான் விரலை இழந்தான்."

நம் உடம்பில் வியர்த்துவிட்டது. சுருள்வில்லில் அடங்கிய சக்தியைப் பற்றி ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் வரைந்து விளக்குகிறவர்கள் நாம்! எழுதிய சூத்திரம் கைக்கு எட்டும் தூரத்தில் உயிரோடு இருந்தபோது, நமக்கு அது நினைவுக்கு வரவில்லை.

பெரியவர் அருகே வந்து, பார்வையால் அல்ல, விரல்களால் கதவின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தார். கழற்றிய போல்ட்டுகளைத் திரும்பவும் பூட்டச் சொன்னார். பற்பலகையும் அடித்தகடும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தைக் காட்டி, இரண்டையும் ஊடுருவித் துளையிட்டு ஒரு போல்ட்டைச் செருகி முடுக்கச் செய்தார். கண்ணாடி நழுவாதபடி அதற்கும் கட்டை கொடுக்கச் செய்தார். அதன் பிறகே மோட்டாரைக் கழற்ற அனுமதித்தார். பற்பலகை அசையவில்லை. இந்த வேலையில் இறங்கும் நேயர்கள் வேறு எதை மறந்தாலும் இந்த ஒரு போல்ட்டை மறக்க வேண்டாம்.

மோட்டாரைப் பிரித்தபோது, உள்ளே கம்பிச் சுருள் கருகியிருந்தது. "புது மோட்டார் வாங்கி வருகிறேன்" என்று நண்பர் புறப்பட்டார். பெரியவர் கையமர்த்தினார்.

"மோட்டாரைக் கொன்னது எதுன்னு பார்க்காம புதுசு போட்டா, அதுவும் சாகும், தம்பி."

கண்ணாடி ஓடும் பள்ளத்து ரப்பரையும் வெல்வெட்டையும் காட்டினார். பல ஆண்டு வெயிலில் அவை மரம்போல் இறுகி, செம்மண் புழுதியும் சேர்ந்து கண்ணாடியைப் பற்றிக் கொண்டிருந்தன. கிரீஸ் மெழுகாய் உறைந்திருந்தது. இவ்வளவு தடையையும் எதிர்த்து இழுத்து இழுத்தே அந்தச் சிறு மோட்டார் வெந்து போயிற்று. குற்றம் மோட்டாரினுடையதல்ல, கவனியாத நம்முடையது.

வண்டியோடு வராத மோட்டாராகையால், எந்தப் புத்தகத்திலும் அதன் எண் இல்லை. பெரியவர் யோசனைப்படி பழைய மோட்டாரையே கையில் எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போய், பழைய சாமான் கடைகளில் தேடினோம். அவர் பார்க்கச் சொன்னவை நான்கு: 12 வோல்ட்டா, பற்களின் எண்ணிக்கையும் பருமனும் ஒன்றா, இடப்பக்கத்துக் கதவுக்கு உரியதா, வலப்பக்கத்துக்கா, போல்ட்டுத் துளைகள் பொருந்துமா. முதல் மூன்றும் பொருந்திய மோட்டார் ஒன்று, இன்றைய சிறு கார் ஒன்றினுடையது, கிடைத்தது. துளைகள் பொருந்தவில்லை. புதுக்கோட்டை லேத் பட்டறையில் ஓர் இரும்புத் தகடு வெட்டி, ஒரு பக்கம் பழைய துளைகளும் மறுபக்கம் புதிய துளைகளுமாகப் போட்டு வாங்கினோம். "சாமான் கிடைக்காது" என்ற தீர்ப்பு ஓர் உள்ளங்கை அளவு தகட்டில் ரத்தாகிவிட்டது.

புதிய ரப்பர் பதித்து, பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது தடவி, மோட்டாரைப் பூட்டிய பிறகே, குறுக்கே செருகிய போல்ட்டை எடுத்தோம். ஸ்விட்சை மேலே அழுத்தினால் கண்ணாடி கீழே போக முயன்றது! இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றினோம். பாரடே பெருமான் கைவிடவில்லை. கண்ணாடி அமைதியாக மேலே ஏறிற்று. பத்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகு, மழைநீர் உட்பலகையை நனைக்காமலிருக்க ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளையும் மறவாமல் ஒட்டி, பலகையை மூடினோம்.

குழந்தைகள் உள்ள வீட்டாருக்கு ஒரு வார்த்தை. கண்ணாடியைத் தூக்கும் மோட்டாருக்குக் கழுத்துக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரியாது. தடை பட்டால் தானே திரும்பி இறங்கும் அமைப்பு பழைய வண்டிகளில் இல்லை. சாவியை வண்டியில் விட்டுக் குழந்தையைத் தனியே உட்கார வைக்கலாகாது. நண்பரின் பேரக் குழந்தை ஏறும் வண்டியாதலால், பின் கதவு ஸ்விட்சுகளை அடக்கும் பூட்டு ஒன்றை ஓட்டுபவர் பக்கத்தில் வைக்கும்படி பெரியவரே சொன்னார், வைத்தோம்.

மறு வாரம் திருச்சிப் பிரயாணத்தில் நாமும் உடன் சென்றோம். கீரனூரைத் தாண்டியதும் மழை பிடித்துக் கொண்டது. பின் ஆசனத்து அம்மாள் தாமே விரலை வைத்து அழுத்தினார். கண்ணாடி ஏறி மூடிக்கொண்டது. சிறிது நேரம் வழிந்தோடும் நீரையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, "அவர் இருந்தால் இந்நேரம் நாலு தடவை ஏத்தி இறக்கிக் காட்டியிருப்பார்" என்றார்.

கூலியாகப் பெரியவர் ஒன்றும் வாங்க மறுத்துவிட்டார். வற்புறுத்தியதில் ஒன்று கேட்டார்: பிரித்த பழைய மோட்டார். "உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குக் காட்டுங்க, சார், கருகினதையும் காட்டுங்க" என்று நம்மிடமே அதைத் திருப்பிக் கொடுத்தார். அது இப்போது நம் வகுப்பறை மேஜையின் மேல் இருக்கிறது. சுருள்வில்லைப் பற்றிய பாடத்தை, இந்த ஆண்டு முதல், இடது கையைக் காட்டித் தொடங்குகிறோம்.