மூட்டு மாற்றுப் பதிவேடுகள்: ஒரு சமூக நோக்கு

கடுகண்ணாவைக் கணவாயை ஒட்டிய மலைச்சரிவுகளில் ஏறியும் இறங்கியும் உழைக்கும் மக்களுக்கு முழங்கால் நோவு புதியதன்று. முழந்தாளிடுதல், குந்துதல், பாரந்தூக்குதல் ஆகியன நீண்ட காலம் தொடரும்போது மூட்டுத்தேய்வு மிகுதல் மருத்துவ ஆய்வுகள் காட்டும் உண்மையாகும். தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளியின் வேலைநாள் செக்ரோலில் பதியப்படுகின்றது. பறித்த கொழுந்து நிறுத்துக் குறிக்கப்படுகின்றது. தேய்ந்த மூட்டுக்கு மட்டும் அந்த ஏட்டில் இடமில்லை. உழைப்பைக் கணக்கிடும் சமூகம், உழைத்த உடலுக்கு அளிக்கப்படும் சிகிச்சையையும் கணக்கிட வேண்டும். இந்நோக்கில், மூட்டு மாற்றுப் பதிவேடு நோயாளரை எவ்வாறு காக்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு அடித்தளமிட்டவர் இங்கிலாந்தின் ரைற்றிங்டன் வைத்தியசாலையிற் பணியாற்றிய ஜோன் சான்லி ஆவார். 1962இல் அவர் கையாளத் தொடங்கிய, உலோகப் பந்தும் பொலிஎதிலீன் கிண்ணமும் கொண்ட மூட்டே பின்வந்தவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. அதன்பின் பல்வேறு நிறுவனங்கள் பல்வேறு வடிவிலான மூட்டுகளைச் சந்தைக்குக் கொணர்ந்தன. ஆயின் செயற்கை மூட்டொன்றின் குறை சத்திரசிகிச்சைக் கூடத்தில் வெளிப்படுவதில்லை. ஐந்தோ பத்தோ ஆண்டுகள் கழிந்தபின் அது தளரலாம், தேயலாம். அப்போது நோயாளி வேறோர் ஊரில், வேறொரு வைத்தியரிடம் செல்லக்கூடும். இரண்டொரு தோல்விகளை மட்டும் காணும் வைத்தியர் அவற்றைத் தற்செயலெனக் கருதுவது இயல்பே. நாடெங்கும் சிதறிக்கிடக்கும் தோல்விகளை ஓரிடத்திற் சேர்த்து நோக்கினாலன்றி, பிழை மூட்டின் வடிவத்திலா, சத்திரசிகிச்சை முறையிலா என்பது துலங்காது.

இத்தேவையிலிருந்தே பதிவேடு தோன்றிற்று. சுவீடனில் 1975இல் முழங்கால் மூட்டுக்கும், 1979இல் இடுப்பு மூட்டுக்கும் நாடளாவிய பதிவேடுகள் தொடங்கப்பட்டன. நோயாளியின் அடையாளம், வயது, நோய், சத்திரசிகிச்சை நடைபெற்ற நாள், வைத்தியசாலை, பொருத்தப்பட்ட மூட்டின் வகை, அதன் தொகுதி இலக்கம் ஆகியன இத்தகைய பதிவேடுகளிற் குறிக்கப்படுகின்றன. பின்னர் எவ்விடத்தில் மறுசத்திரசிகிச்சை நிகழ்ந்தாலும் அது முதற்பதிவோடு இணைக்கப்படும். இவ்வாறு ஒவ்வொரு வகை மூட்டும் எத்தனை ஆண்டுகள் நிலைக்கின்றது என்பதை ஒப்பிட இயலுகின்றது. நோர்வேயின் பதிவேடு 1987இல் தொடங்கியது. ‘போன்லொக்’ எனும் எலும்புச் சீமெந்து பயன்பட்ட மூட்டுகள் விரைவில் தளர்வதை அது எடுத்துக்காட்டியது. 1995இல் அச்சீமெந்து சந்தையிலிருந்து அகற்றப்பட்டது.

பதிவேடு உள்ள நாட்டுக்கும் இல்லாத நாட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை ‘ஏ.எஸ்.ஆர்.’ எனும் இடுப்பு மூட்டின் வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது. உலோகத்தோடு உலோகம் உராயும் இம்மூட்டிலிருந்து கோபாற்று, குரோமியம் ஆகியவற்றின் நுண்துகள்கள் உடலிற் பரவின. அவுஸ்திரேலியப் பதிவேடு 2007இலேயே இதன் தோல்வி வீதம் மிகையானதெனச் சுட்டியது. 2009 இறுதியில் அந்நாட்டிலும், 2010 ஓகத்தில் உலகெங்கிலும் இம்மூட்டு மீளப்பெறப்பட்டது. இந்தியாவில் ஏறக்குறைய 4,700 பேருக்கு இது பொருத்தப்பட்டிருந்தது. இந்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2018இல் தன் முடிவுகளை வெளியிட்டபோது, அவர்களுட் பெரும்பாலோர் எங்குள்ளனர் என்பதே அறியப்படாதிருந்தது. நட்டஈடு பரிந்துரைக்கப்பட்டும், பெறவேண்டியவரைத் தேடிப்பிடிக்க ஏடு இல்லை. பதிவேடு இன்மையின் விலையைக் கொடுத்தவர் நோயாளரே.

எனினும் பதிவேட்டின் எல்லையையும் நாம் உணர வேண்டும். மறுசத்திரசிகிச்சையையே அது தோல்வியின் அளவுகோலாகக் கொள்கின்றது. மீண்டும் வைத்தியசாலைக்குச் செல்லப் பொருளோ, விடுமுறையோ, துணையோ இல்லாத தொழிலாளி நோவோடு வீட்டில் முடங்குவாராயின், அவருடைய மூட்டு ‘வெற்றி’ என்றே கணக்கில் நிற்கும். வறியவரின் மௌனம் இவ்வாறு நற்பேறாகப் பதியப்படும் ஆபத்து உண்டு. ஆதலால் நோயாளியிடமே நோவையும் இயக்கத்தையும் கேட்டறியும் முறையைச் சுவீடனின் இடுப்பு மூட்டுப் பதிவேடு 2002 முதல் மேற்கொண்டது. நமது மலையகத்திற் கேட்கவேண்டிய வினாக்கள் வேறு: தரையில் அமர இயலுகின்றதா? குந்த இயலுகின்றதா? சரிவில் இறங்க இயலுகின்றதா? நோயாளியின் தொழிலும் பதியப்படல் வேண்டும். வினாக்கள் அவருடைய மொழியிலேயே அமைதல் வேண்டும்.

இத்தகைய கணக்கெடுப்பு நமக்கு அந்நியமானதன்று. மகப்பேற்று மரணங்களை ஒவ்வொன்றாக அறிவித்து ஆராயும் முறை 1980களிலிருந்து இலங்கையில் வேரூன்றி வளர்ந்துள்ளது. கிராமந்தோறும் தோட்டந்தோறும் சென்று ஏடு எழுதிய குடும்பநல மருத்துவமாதர் அதற்குத் துணைநின்றனர். குற்றவாளியைத் தேடுதலன்று, அடுத்த தாயைக் காத்தலே அதன் குறிக்கோள். மூட்டு மாற்றுப் பதிவேட்டுக்கும் இதுவே நெறியாதல் வேண்டும். நோயாளியின் அந்தரங்கம் காக்கப்படுக. முடிவுகள் மக்கள் முன் வைக்கப்படுக. கொழுந்தின் நிறையைத் தவறாது குறித்த சமூகம், அதனைச் சுமந்து சரிவிறங்கிய முழங்காலையும் தன் ஏட்டிற் குறித்தல் நீதியாகும்.