இருதடமும் ஒருதடமும்: இல்ல ஒலிப்பதிவில் நேரும் பிழைகள்

வண்டியூர்த் தெப்பக்குளக் கரையில் திருவிழா நாளொன்றில் கண்களை மூடி நிற்போமாயின், நாகசுரம் எப்பக்கத்தினின்று வருகின்றது, தவில் எப்பக்கத்தில் முழங்குகின்றது என்பதனைத் தடுமாற்றமின்றிக் கூறவல்லோம். இஃது எங்ஙனம் இயல்கின்றதெனின், வலப்புறத்தெழும் ஒலி வலச்செவியை முன்னரும், இடச்செவியைச் சற்றுப் பின்னரும், சற்று மெலிந்தும் அடைகின்றது. இக்கால வேறுபாடு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு கூற்றினுங் குறைந்ததேயாயினும், நம் மூளை அதனைக் கொண்டே திசையை அறிந்துகொள்கின்றது. இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு, ஒலியை இரு தடங்களிற் பதியும் முறையொன்றிற்கு 1931ஆம் ஆண்டில் ஆலன் புளூம்லீன் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். இதுவே ஸ்டீரியோ எனப்படும் இருதட முறை. ஒரே தடத்திற் பதிவது மோனோ எனப்படும். 1916இல் மதுரையிற் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் தொடக்ககால இசைத்தட்டுக்கள் ஒருதடத்தனவே. அவற்றின் இனிமை அதனாற் குறைந்ததில்லை.

இற்றைநாளில் ஒலிப்பதிவுக்குப் பெருங்கூடம் வேண்டுவதில்லை. ஏ. ஆர். ரஹ்மான் 1989இல் சென்னைக் கோடம்பாக்கத்துத் தம் இல்லத்தையொட்டி அமைத்த கூடத்தினின்றே, 1992இல் வெளியான ‘ரோஜா’ படத்தின் இசை பிறந்தது. ஒரு கணினியும், ஒரு மைக்கும், ஒரு ஹெட்போனும் உடைய மாணவர் எவரும் இன்று இதிற் புகலாம். ஆயின் கருவி எளிதிற் கிட்டினும், அதன் இயல்பறியாதார்க்கு இடர் வருதல் உண்டு. அதற்கு ஒரு சான்று கூறுவாம்.

மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரினரான நண்பரொருவர், தம் அப்பத்தாவின் தாலாட்டுக்களைச் சிறியதொரு பதிவுக்கருவியிற் பதிந்து வைத்தார். ஹெட்போனிற் கேட்டபொழுது பாட்டுத் தெளிவாகவே இருந்தது. குரல் மட்டும் தலைக்குப் பின்னே பரவி நிற்பதுபோல் தோன்றிற்று. மறு ஆண்டு அம்மூதாட்டியார் காலமானார். நினைவுநாளன்று உறவினர் கூடியிருக்க, அப்பதிவைக் குழாய் ஒலிபெருக்கியில் இட்டனர். குரல் ஏறக்குறைய முற்றும் மறைந்து, மெல்லிய இரைச்சலே எஞ்சியது. பதிவே அழிந்ததென எண்ணி நண்பர் கலங்கினார்.

நிகழ்ந்தது யாதெனின், உயர்தர மைக்கின் கேபிளில் மூன்று கம்பிகள் உண்டு. ஒன்று நிலக்கம்பி, ஏனைய இரண்டும் ஒரே ஒலியை ஒன்றற்கொன்று நேரெதிராகச் சுமப்பன. இரண்டின் வேறுபாட்டைக் கொள்ளும் கருவியில், வழியிற் சேர்ந்த இரைச்சல் நீங்கிக் குரல் நிற்கும். நண்பரோ அக்கேபிளை ஸ்டீரியோத் துளையிற் செருகினார். அங்கே செருகியின் நுனி இடத்தடத்திற்கும், அதனையடுத்த வளையம் வலத்தடத்திற்கும் உரியன. ஆதலின் ஒரு தடத்திற் குரல் நேராகவும், மற்றதில் தலைகீழாகவும் பதிந்தது. தனித்தனியே கேட்கும்பொழுது இரண்டும் குரலே. ஒலிபெருக்கி அவ்விரண்டையுங் கூட்டி ஒன்றாக்கியவுடன், கூட்டல் ஒன்றும் கழித்தல் ஒன்றும் சேர்ந்து சுழியாயின.

இதற்குத் தீர்வு மிக எளிது. கணினியில் ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் மூலப்பதிவைத் திறந்து, இருதடங்களையும் பிரித்து, ஒன்றை நீக்கி மற்றதனை நடுவில் வைத்தல் போதும். அன்றி ஒரு தடத்தை மட்டும் தலைகீழாக்கினும் அமையும். ஒருதடமாகக் கூட்டிச் சேமித்துவிட்ட படியில் இது கைகூடாது; ஆதலின் மூலப்பதிவை ஒருநாளும் அழித்தலாகாது.

இனி, அடிக்கடி நேரும் பிற குறைகளைச் சுருங்கக் காண்பாம். குரல் இடச்செவியில் மட்டுங் கேட்பின், ஒரே மைக்கை ஸ்டீரியோத் தடத்திற் பதிந்தமையே பெரும்பாலும் காரணம். அத்தடத்தை மோனோவாக மாற்றுக. ஹெட்போனில் ஒருபுறம் ஊமையாயின், செருகி முழுதும் நுழைந்துளதா என்றும், அது மூன்று தொடுமுனைகள் உடையதா என்றும் நோக்குக. எல்லா ஒலியும் நடுவிலேயே குவியின், கைப்பேசியிலோ கணினியிலோ மோனோ ஒலி என்னும் அமைப்பு இயங்குகின்றதா எனவும், பாட்டை வெளியிடுங்கால் மோனோ எனத் தெரிவுசெய்யப்பட்டதா எனவும் காண்க. இரு மைக்குகளை வெவ்வேறு தொலைவில் வைத்து ஒன்றாகக் கலப்பினும் குறை வரும். தொலைவின் வேறுபாடு ஏறத்தாழ 17 சென்டிமீட்டராயின், விநாடிக்கு 1000 அதிர்வுடைய ஒலி தன்னைத்தானே தேய்த்துக்கொள்ளும்; குரல் தகரக்குழாயிற் பேசுவதுபோல் ஒலிக்கும்.

குறை எங்குளது என அறிய ஒருவழியே சிறந்தது: ஒருநேரத்தில் ஒன்றனை மட்டும் மாற்றுக. முதலில் ஹெட்போனை இடம்வலமாக மாற்றி அணிக. குறை செவி மாறாது நிற்பின், பிழை கேட்பவர் செவியிலேயே உளது. ஹெட்போனுடன் மறுசெவிக்கு மாறின், பிழை ஹெட்போனிலோ முன்னுள்ள கருவியிலோ பதிவிலோ உளது. பின்னர்க் கேபிள், துளை, மென்பொருள் என முறையே செல்க.

நண்பரின் அப்பத்தா குரல் அன்றிரவே மீண்டது. எல்லார்க்கும் அங்ஙனம் வாய்க்குமென உறுதி கூறவியலாது. நம் ஊர்களில் தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த முதியோர் பலர் இன்னும் உளர். அவர்தம் பாட்டைப் பதியும் மாணவர், ஒருமுறை கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் அதனைக் கேட்டுப் பார்ப்பாராக. அதுவும் பாடியவர் பாயைவிட்டு எழுமுன் கேட்பாராக.