டீசல் யாருக்கு லாபம்? (வீட்டுக்கு ஒரு கார் – 9)

பட்ஜெட், நிறம், டிக்கியின் அளவு எல்லாம் பேசி முடித்த பிறகு, கார் வாங்கப்போகும் வீட்டில் ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கும். பெட்ரோலா, டீசலா? சித்தப்பா, “டீசலே எடு, மைலேஜ் கொட்டும்” என்பார். ஆபீஸ் நண்பர், “அந்தப் பக்கமே போகாதே, பத்து வருஷத்தில் காயலான் கடைக்குத்தான் போடணும்” என்பார். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் சித்தப்பா சொல்வது 2012-ம் வருடக் கணக்கு, நண்பர் சொல்வது டெல்லியின் விதி. இன்று தமிழ்நாட்டில் கார் வாங்கும் குடும்பத்துக்கு இவை இரண்டும் பொருந்தாது. நமக்கு வேண்டியது நம் வீட்டு ஓட்டத்தின் கணக்கு.

30 ரூபாய் இடைவெளி, 8 ரூபாய் ஆன கதை

சித்தப்பாவின் நம்பிக்கை காரணமில்லாமல் வந்ததல்ல. 2010 ஜூனில் பெட்ரோல் விலை மீதான கட்டுப்பாட்டை மத்திய அரசு நீக்கியது. லாரியும் பம்புசெட்டும் பஸ்ஸும் டீசலை நம்பி ஓடுவதால் டீசல் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. விளைவாக, 2012-ன் நடுவில் இரண்டுக்கும் இடையே லிட்டருக்கு ஏறக்குறைய 30 ரூபாய் வித்தியாசம் வந்துவிட்டது. டீசல் காருக்கு மாதக்கணக்கில் புக்கிங் செய்து காத்திருந்த காலம் அது. மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ஃபியட் புண்டோ, டாடா இண்டிகா விஸ்டா என எந்த போர்டு போட்ட காரைத் திறந்தாலும் அதே 1.3 லிட்டர் ஃபியட் டீசல் இன்ஜின் உள்ளே இருந்தது.

2013 ஜனவரி முதல் டீசல் விலையைச் சிறிது சிறிதாக ஏற்ற அனுமதி கிடைத்தது. 2014 அக்டோபரில் டீசல் மீதான விலைக் கட்டுப்பாடும் முழுதாகப் போனது. 2024 மார்ச் விலைக்குறைப்புக்குப் பிறகு சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு, டீசல் 92 ரூபாய் 34 காசு என்று இருந்தது. இடைவெளி எட்டு ரூபாய் சொச்சம்தான்.

அடுத்த அடி 2020 ஏப்ரல் முதல் தேதி விழுந்தது. பிஎஸ்-4 விதியிலிருந்து நாடு நேராக பிஎஸ்-6க்குத் தாவியது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியே விடலாம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு 250 மில்லிகிராமிலிருந்து 80 மில்லிகிராமாகக் குறைந்தது. நுண்துகள் அளவு 25 மில்லிகிராமிலிருந்து நாலரை மில்லிகிராமானது. இதை எட்ட டீசல் காரின் புகைக்குழாயில் விலை உயர்ந்த கருவிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. சின்ன கார் விலைக்கு இது கட்டுப்படியாகாது என்று பார்த்து, 2020 ஏப்ரலுக்குப் பிறகு டீசல் கார் விற்பதில்லை என 2019-லேயே மாருதி அறிவித்தது. இன்று டீசல் பெரும்பாலும் எஸ்யூவி வகைகளிலும் பெரிய குடும்பக் கார்களிலும்தான் கிடைக்கிறது.

பேப்பர், பேனா எடுங்கள்

ஒரே மாடலில் பெட்ரோலும் டீசலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கார் ஊருக்குள்ளும் ஹைவேயிலும் சேர்த்து லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தருகிறது. டீசல் 18 தருகிறது. கம்பெனி விளம்பர மைலேஜை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. மேலே சொன்ன 2024 விலையில் பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 75 காசு ஆகும், டீசல் காருக்கு 5 ரூபாய் 13 காசு. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் மிச்சம் சுமார் 2 ரூபாய் 60 காசு.

இந்த மிச்சத்துக்காக முன்கூட்டியே எவ்வளவு கொடுக்கிறோம்? டீசல் மாடலின் எக்ஸ் ஷோரூம் விலை ஒன்றரை லட்சம் கூடுதல் என்றால், பலர் அதோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். ரோடு டாக்ஸை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையான காருக்கு ஆயுள் வரி 13 சதவிகிதம், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவிகிதம். ஆக, 12 லட்ச ரூபாய் பெட்ரோலுக்கும் பதிமூன்றரை லட்ச ரூபாய் டீசலுக்கும் வரியில் மட்டும் 27,000 ரூபாய் வித்தியாசம். மொத்தக் கூடுதல் 1,77,000 ரூபாய். இதை 2 ரூபாய் 60 காசாக மீட்க ஏறக்குறைய 68,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்.

10 லட்சம் என்ற கோட்டைத் தாண்டும்போது அடி இன்னும் பலமாக விழும். பெட்ரோல் 9 லட்சத்து 60 ஆயிரம், டீசல் 10 லட்சத்து 80 ஆயிரம் என்றால் பார்வைக்கு வித்தியாசம் 1,20,000 ரூபாய். ஆனால் ஒன்றுக்கு 13 சதவிகிதம், மற்றதற்கு 18 சதவிகிதம் என்பதால் வரியில் மட்டும் 69,600 ரூபாய் ஏறிவிடுகிறது. லோன் போட்டு வாங்கினால் இந்தக் கூடுதல் பணத்துக்கும் வட்டி உண்டு.

மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டும் வீட்டுக்கு 68,000 கிலோமீட்டர் என்பது ஏழு வருடம். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டும் வீட்டுக்கு மூன்று வருடம்கூட ஆகாது. கார் ஒன்றே, விலை ஒன்றே. ஒரு வீட்டுக்கு நஷ்டமாவது இன்னொரு வீட்டுக்கு நல்ல லாபம்.

“பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களே, மைலேஜ் விழுமே” என்ற கேள்வி இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறது. 20 சதவிகித எத்தனால் கலந்தால், அதற்கென்று வடிவமைக்காத பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் குறையலாம் என 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொல்கிறது. அந்தக் கலவைக்கேற்ப டியூன் செய்த கார்களில் குறைவு 1 முதல் 2 சதவிகிதம் என்பது அதே அறிக்கையின் மதிப்பீடு. இப்போது வாங்கும் புது காருக்கு இரண்டாவது எண்தான் பொருந்தும். அதற்காக மட்டும் டீசலுக்குத் தாவ வேண்டியதில்லை.

எத்தனை கிலோமீட்டர் அல்ல, எப்படிப்பட்ட கிலோமீட்டர்

பணக்கணக்கைவிட முக்கியமான ஒன்றை ஷோரூமில் யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை. பிஎஸ்-6 டீசல் கார் எல்லாவற்றிலும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரித்துகளைப் பிடித்துவைத்துக்கொள்வது அதன் வேலை. விறகடுப்பின் புகைபோக்கியில் கரி படிவதுபோல அதிலும் கரி படிந்துகொண்டே வரும். அடுப்படியில் நாம் சுரண்டி எடுக்கிறோம். கார் அதைத் தானே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குப் புகையின் சூடு ஏறக்குறைய 600 டிகிரிக்குப் போக வேண்டும்.

ஹைவேயில் நிதானமான வேகத்தில் இருபது நிமிடம் தொடர்ந்து ஓடினால் இந்தச் சூடு வந்துவிடும், வேலை நமக்குத் தெரியாமலேயே முடிந்துவிடும். காலையில் மூன்று கிலோமீட்டர் ஸ்கூல், அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் ஆபீஸ், மாலையில் காய்கறிக் கடை என்று ஓடும் காரில் இன்ஜின் சூடாகும் முன்பே சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம். கரியை எரிக்க கார் கூடுதலாக டீசலைப் பாய்ச்சும். பாதியில் அணைத்தால் எரியாத டீசலில் ஒரு பகுதி இன்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும். டேஷ்போர்டில் விளக்கு எரியும். அதையும் கவனிக்காமல் விட்டால் காரின் வேகம் தானாகக் கட்டுப்படும், பிறகு சர்வீஸ் சென்டரில்தான் எரித்துத் தர வேண்டும். வடிகட்டியையே மாற்றும் நிலை வந்தால் பல வருட மைலேஜ் லாபம் ஒரே பில்லில் போய்விடும்.

சில மாடல்களில் யூரியா கரைசல் ஊற்றும் தனி டேங்க்கும் உண்டு. அது தீர்ந்துபோகும் முன் கார் பலமுறை எச்சரிக்கும். எச்சரிக்கையைத் தாண்டி ஓட்டித் தீர்த்துவிட்டால் அடுத்த முறை இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. இன்ஜின் ஆயிலிலும் டிபிஎஃப் உள்ள காருக்கென்று சாம்பல் குறைந்த வகை இருக்கிறது. தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் “எல்லாம் ஒண்ணுதான்” என்று சாதா ஆயிலை ஊற்ற விடாதீர்கள்.

டீசல் ஜெயிக்கும் இடம்

இவ்வளவு சொன்னதால் டீசல் மோசமான இன்ஜின் என்று நினைத்துவிடக் கூடாது. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் க்ரெட்டாவையே பாருங்கள். ஒன்றரை லிட்டர் சாதாரண பெட்ரோல் இன்ஜின், ஒன்றரை லிட்டர் டீசல் இன்ஜின், இரண்டுக்கும் குதிரைசக்தி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இழுவைத் திறன் பெட்ரோலில் 144 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,500 ஆர்பிஎம்மில். டீசலில் 250, அதுவும் 1,500 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுகிறது.

அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், பின் சீட்டில் பாட்டி, டிக்கி நிறைய பெட்டி என்று ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது இந்த எண்களின் அர்த்தம் காலடியில் தெரியும். பெட்ரோல் கார் செகண்ட் கியரில் சத்தம் போட்டு ஏறும் இடத்தில் டீசல் அலட்டாமல் ஏறும். லோடு ஏறினாலும் டீசலின் மைலேஜ் அவ்வளவாக விழாது. அந்த இழுவை பெட்ரோலிலேயே வேண்டுமென்றால் டர்போ பெட்ரோல்தான் வழி. அதன் விலை பல மாடல்களில் டீசலை ஒட்டி வந்துவிடும், ஊருக்குள் அதன் மைலேஜும் குறைவு. அந்த ஒப்பீட்டில் டீசல் தெளிவாக முந்துகிறது.

ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை குலதெய்வக் கோயிலுக்குப் போவதற்காக மட்டும் டீசல் எடுக்காதீர்கள். சென்னையிலிருந்து திருநெல்வேலி போய்த் திரும்பினால் சுமார் 1,250 கிலோமீட்டர். பெட்ரோல் காரில் போனால் கூடுதலாகச் செலவாவது 3,250 ரூபாய். வருடம் இரண்டு முறை போனாலும் 6,500 ரூபாய். இதை மிச்சம் பிடிக்க 1,77,000 ரூபாய் முன்பணம் கட்டுவது எந்தக் கணக்கிலும் வராது.

பத்து வருடப் பயம்

டெல்லியில் பத்து வருடம் கடந்த டீசல் வாகனங்களுக்கு 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அங்கேயும்கூட, வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாமென 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்தது. தமிழ்நாட்டில் அந்தத் தடை கிடையாது. நம் ஆர்.சி. புத்தகம் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒரே மாதிரி 15 வருடம் செல்லும், அதன் பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் 2027-க்குள் டீசல் நான்கு சக்கர வாகனங்களை நிறுத்தலாம் என்று 2023-ல் பெட்ரோலிய அமைச்சகத்தின் ஆலோசனைக் குழு ஒன்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. ஆனாலும் 12, 15 வருடம் வைத்து ஓட்ட நினைப்பவர்கள் மறுவிற்பனை விலையைப் பெரிதாக நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று

குடும்பக் கார் என்று பேசிவிட்டுப் புகையைப் பேசாமல் விட முடியாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2012 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. பிஎஸ்-6 டீசல் கார் பழையவற்றைவிட மிகவும் சுத்தமானது, உண்மை. அந்தச் சுத்தம் முழுக்க அந்த வடிகட்டி ஒழுங்காக வேலை செய்வதில் இருக்கிறது.

அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். டிபிஎஃப் அடைத்துக்கொண்டது என்று போனால், “கழற்றி எறிஞ்சிடலாம் சார், சாஃப்ட்வேரை மாத்திடலாம்” என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். சம்மதிக்காதீர்கள். அது சட்டத்துக்கு எதிரானது, வாரன்ட்டி போய்விடும். எல்லாவற்றுக்கும் மேல், ஸ்கூல் வாசலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் அந்தக் காரின் புகைக்குழாய் உயரத்தில்தான் நம் குழந்தைகளின் மூக்கு இருக்கிறது.

என் முடிவு

மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், அதில் பாதிக்கு மேல் ஹைவே, பெரிய கார், நிறைய ஆட்கள், அடிக்கடி மலைப்பாதை. இவை பொருந்தும் வீடு தயங்காமல் டீசல் எடுக்கலாம். பொள்ளாச்சியிலிருந்து தினம் கோவைக்குப் போய் வருபவருக்கும், பண்ணைக்கும் ஊருக்கும் ஓடிக்கொண்டிருப்பவருக்கும் அது நல்ல துணை.

மாதம் 1,000 கிலோமீட்டருக்குள், பெரும்பாலும் ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன தூரம் என்றால் பெட்ரோல் எடுங்கள். மைலேஜ் மனதை உறுத்தினால் ஹைபிரிட் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்தால் மின்சாரக் காரையும் பாருங்கள். இரண்டு எல்லைக்கும் நடுவில் இருப்பவர்கள் தூரத்தைவிட ஓட்டத்தின் தன்மையைப் பார்த்து முடிவெடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஹைவேயில் போகாத கார் என்றால் டீசல் வேண்டாம்.

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு மாதம், இப்போது கையில் இருக்கும் வண்டியின் மீட்டரை தினமும் எழுதிவையுங்கள். எத்தனை கிலோமீட்டர், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் என்று இரண்டு வரி போதும். சேல்ஸ்மேன் சொல்வதையும் சித்தப்பா சொல்வதையும், ஏன் நான் சொல்வதையும்விட அந்தத் தாள் உங்களுக்குச் சரியான பதிலைச் சொல்லும்.

(அடுத்த வாரம்: செகண்ட் ஹேண்ட் டீசல் கார் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?)