கணையத்தில் கட்டி என்றாலே புற்றுநோயா?

அறுபது வயசு ஆள். வலி பெரிசா இல்லை. ஆனா கண் மஞ்சளாகிறது, எடை குறைகிறது. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு கட்டி, பித்தக்குழாயை நெருக்கிக்கிட்டு இருக்கு. யாருக்கும் முதலில் தோன்றுவது புற்றுநோய்தான். பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனா எப்போதும் இல்லை.

இதற்குச் செய்வது விப்பிள் ஆபரேஷன். கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயில் ஒரு பகுதி எல்லாத்தையும் எடுத்துவிட்டு மிச்சத்தை மறுபடி இணைக்கணும். புற்றுநோய் என்று சந்தேகித்து இப்படி எடுத்தவற்றில் சுமார் 5 முதல் 10 சதவீதம், பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் புற்றுநோயே இல்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

அப்போ அது என்ன? ஒரு முக்கியமான ஆள்மாறாட்டக்காரர், ஆட்டோஇம்யூன் பேன்க்ரியாடைட்டிஸ். நம் நோய் எதிர்ப்பு செல்களே கணையத்துக்குள் குவிந்து, வீக்கத்தையும் தழும்புத் திசுவையும் உண்டாக்கும். கணையம் முழுசும் வீங்கினால் ஸ்கேனில் சாசேஜ் மாதிரி தெரியும், கண்டுபிடிப்பது கொஞ்சம் சுலபம். தலைப்பகுதி மட்டும் வீங்கினால்தான் சிக்கல், அசல் புற்றுநோய்க் கட்டி மாதிரியே இருக்கும்.

1995-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இந்தப் பெயரை முன்வைத்தார்கள். 2001-இல் அங்கேயே ஹமானோ குழுவினர், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்புரதம் அதிகமாக இருப்பதைக் காட்டினார்கள்.

சரி, ஒரு ரத்தப் பரிசோதனை போதுமே என்று தோன்றும். போதாது. புற்றுநோயாளிகள் சிலருக்கும் ஐஜிஜி4 கொஞ்சம் ஏறியிருக்கும். மறுபக்கம், புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஏ 19-9, பித்தக்குழாய் அடைத்தாலே ஏறிவிடும். ஊசி போட்டுத் திசு எடுத்தாலும், ஊசி கட்டியின் சரியான இடத்தைத் தொடாமல் போகலாம். டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு என்பதால் புரோகிராமில் பக் இல்லைன்னு சொல்ல முடியாது இல்லையா, அதே கதை. அதனால்தான் ஸ்கேன், ரத்தம், திசு, மற்ற உறுப்புகளின் நிலை எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இந்த நோய் ஸ்டீராய்டு மாத்திரைக்கு நன்றாக அடங்கும். பெரும்பாலும் இரண்டே வாரத்தில் ஸ்கேனில் மாற்றம் தெரியும். ஆனா வரிசை முக்கியம்: முதலில் திசுவில் புற்றுநோய் இருக்கிறதா என்று தேடிவிட்டு, அப்புறம்தான் மாத்திரை. தவறான ஆளுக்கு ஸ்டீராய்டு கொடுத்துக் காத்திருந்தால், புற்றுநோயை வெட்டி எடுக்கக் கூடிய காலம் கைநழுவிப் போகலாம். இரண்டு பக்கமும் விலை பெரிசு.

நான் மருத்துவர் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. டாக்டரிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இது ஆட்டோஇம்யூனாக இருக்க வாய்ப்பு உண்டா, அதைப் பார்த்துட்டீங்களா?"